பூட்டு சாரும் மஞ்சள் அட்டையும்

ஆறு ஆஸ்பத்திரிகளின் நோயாளிக் குறிப்புகளை ஒன்றாகச் சேர்த்து, எந்த ஆஸ்பத்திரி டாக்டரும் தன் மேசையிலிருந்தே பார்க்கும்படி ஒரு கணினித் தளம் கட்டினார்கள். கட்டியவர்கள், கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேர். கட்டியதாகச் சொல்லிக்கொண்டவர் ஒருவர். அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் பூட்டு.

அதற்கு முன் அவர் அலுவலகங்களுக்குக் கைரேகை வருகைப் பதிவு இயந்திரம் விற்றுக்கொண்டிருந்தார். மச்சினர் நிர்வாகக் குழுவில் இருந்தார். இவர் திட்டத் தலைவர் ஆனார். வார்டுக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. மருந்து வாடை ஒத்துக்கொள்ளாதாம். அதனால் பாஸ்வேர்டுக்குப் பதினாலு எழுத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றம், தொண்ணூறு நொடி சும்மா இருந்தால் திரை மூடிக்கொள்ளும், மறுபடி திறக்கச் செல்போனுக்கு ஆறு இலக்க எண் வரும் என்று அவரால் கூசாமல் விதி போட முடிந்தது. மயங்கி வந்த நோயாளியின் ரத்த வகையைத் தேடி முடிப்பதற்குள் அவரே கண் விழித்துச் சொல்லிவிட்டார் என்று அவசரப் பிரிவு டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். டாக்டருக்குப் பயிற்சி போதவில்லை என்று பூட்டு அதன் மேலேயே எழுதித் திருப்பி அனுப்பினார்.

வீட்டிலும் இதே கூத்துதான். டிவிக்கு ஒரு எண், மேசை இழுப்பறைக்கு ஒரு எண். ஒருமுறை குளியலறைத் தாழ்ப்பாளைத் தானே மாற்றி, தானே உள்ளே மாட்டிக்கொண்டார். மச்சினர் வந்துதான் கதவை உடைத்து வெளியே எடுத்தார்.

பயிற்சி வகுப்புகளில் அவர் இரண்டு விஷயங்களைச் சொல்லி நெஞ்சை நிமிர்த்துவார். ஒன்று, திட்டத் தலைவரான தன்னாலேயே ஒரு நோயாளியின் குறிப்பையும் திறக்க முடியாது. இரண்டு, யார் திறந்தாலும் அவர் பெயரோடு நோயாளியின் போனுக்கு உடனே செய்தி போய்விடும். இரண்டுமே நல்ல ஏற்பாடுகள். யோசித்தது கீழ்த்தளத்துப் பெண் ஒருத்தி. வகுப்பு முடியும்போது விரலை ஆட்டி ஒரு எச்சரிக்கையும் உண்டு: "உங்களுக்கு வர்ற நம்பரை யாருக்கும் சொல்லாதீங்க. நானே கேட்டாலும் சொல்லாதீங்க."

கடைசி வரிசையில் இருந்து இதைக் கேட்டவர்களில் ரெக்கார்ட் ரூம் அக்காவும் ஒருத்தி. பத்தொன்பது வருடமாகக் கோப்பு அறை அவள் பொறுப்பு. கணவருக்கு முதுகெலும்பில் கோளாறு; அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. கம்ப்யூட்டர் வந்ததில் அவளுக்கு வருத்தமே இல்லை, தூசி தொல்லை விட்டது என்றாள். ஒரு பழக்கத்தை மட்டும் விடவில்லை. ஒரு கோப்பு வெளியே போனால் அது இருந்த இடத்தில் மஞ்சள் அட்டை ஒன்றைச் செருகுவாள்: யார், எப்போது, கையெழுத்து, திரும்பி வந்த தேதி. இப்போது யாராவது போனில் கேட்டு அவள் திரையில் பார்த்துச் சொன்னாலும், அலமாரியில் இன்னும் இருக்கும் காகிதக் கோப்புக்குள் ஒரு அட்டை போய்விடும். "கம்ப்யூட்டருக்கே துண்டுச்சீட்டு எழுதற ஆளை வச்சுக்கிட்டு நான் என்னத்தைக் கட்ட?" என்று பூட்டு கூட்டத்தில் கேட்டார். சிரிக்க வேண்டியவர்கள் சிரித்தார்கள்.

அந்த நேரத்தில் பூட்டின் அக்கா மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு வங்கியில் வேலை. அவர் மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போவதாக யாரோ கிளப்பிவிட, அக்கா தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாத்துக்கும் நான்தான் தலைவன்னு சொல்வியேடா. என்னன்னு பார்த்துச் சொல்லேன்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் தன்னால் திறக்க முடியாத ஒன்று உண்டு என்று கூடப்பிறந்தவளிடம் ஒப்புக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை. ரெக்கார்ட் ரூம் அக்காவின் பாஸ்வேர்டை மேலிருந்தே மாற்றி, அவள் பெயரில் நுழையப் பார்த்தார். எண் அவள் போனுக்குப் போனது. உடனே கூப்பிட்டார்: டெஸ்டிங், நம்பரைச் சொல்லு.

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"யாருக்கும்னா மத்தவங்களுக்கும்மா. நான் யாரு?"

சொன்னாள். புதுப் பாஸ்வேர்டு வாங்கி மறுபடி உள்ளே போனபோது, கடைசியாகத் திறந்த கோப்பு என்று அவள் திறக்காத ஒரு கோப்பின் எண், திறந்த நேரத்தோடு திரை ஓரத்தில் நின்றது. வழக்கம்போல அட்டை எழுதினாள்.

அடுத்த நாள் கல்யாணப் பேச்சு முறிந்தது. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர் அந்த மாப்பிள்ளை. நான்கு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. பெண்ணிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லியிருந்தார். பெரியவர்களுக்குத்தான் தெரியாது. அவர் போனுக்கு வந்த செய்தியில் ரெக்கார்ட் ரூம் அக்காவின் பெயர் இருந்தது. நேரே வந்து புகார் எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் விசாரணை. தலைமை டாக்டரம்மா, நிர்வாக மேலாளர், தொழில்நுட்பம் தெரிந்தவர் என்ற முறையில் பூட்டு. அக்காவின் வேலைநீக்க உத்தரவு தட்டச்சாகி மேலாளரின் கோப்பில் தயாராக இருந்தது. பூட்டு பதிவை வாசித்தார்: பதினொன்று நாற்பத்திரண்டு, இன்னாருடைய நுழைவு. "பதிவு பொய் சொல்லாது. மனுஷங்கதான் சொல்வாங்க."

அக்கா எழுந்து போய், அந்தக் காகிதக் கோப்பை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். உள்ளே மஞ்சள் அட்டை. எடுத்தவர்: திட்டத் தலைவர். நேரம்: பதினொன்று நாற்பத்திரண்டு. விவரம்: போனில் நம்பர் கேட்டார், டெஸ்டிங். கையெழுத்து இடம் காலி.

"அன்னைக்கே கையெழுத்து வாங்க மேல வந்தேன் சார். மீட்டிங்ல இருக்கீங்கன்னாங்க."

அட்டையை யாரும் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம் என்றார் பூட்டு. அது நியாயம்தான். அப்படியானால் போனைக் காட்டுங்கள் என்றார் டாக்டரம்மா.

பூட்டு போனைச் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார். "மேடம், அது என் பர்சனல். அடுத்தவங்க பார்க்கக் கூடாது." முகத்தில் ஒரு கூச்சமும் இல்லாமல் சொன்னார்.

அக்கா தன் பட்டன் போனை எடுத்து மேசையில் வைத்தாள். அதற்குப் பூட்டே கிடையாது. டாக்டரம்மா இரண்டு பொத்தான் அழுத்தினார். அன்றைக்குப் பதினொன்று நாற்பத்தொன்றுக்கு ஆறு இலக்க எண் வந்திருந்தது. அதே நிமிடம் பூட்டின் நம்பரிலிருந்து ஒரு அழைப்பு.

வெளியே காத்திருந்த புகார்தாரரை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நீங்க... பொண்ணோட தாய்மாமாதானே?"

மேலாளர் தட்டச்சான உத்தரவை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். பூட்டை மச்சினர் வந்து அழைத்துப் போனார், கதவை மட்டும் உடைக்கவில்லை. இன்னொரு ஊர் ஆஸ்பத்திரியில் பாதுகாப்பு ஆலோசகராகச் சேர்த்துவிட்டதாகக் கேள்வி.

பூட்டு போவதற்கு முன் அக்கா அட்டையையும் பேனாவையும் நீட்டினாள்; அவர் கையெழுத்துப் போட்டார். கோப்பை அலமாரியில் வைக்கும்போதுதான் அட்டையின் அடுத்த கட்டம் அவள் கண்ணில் பட்டது: திரும்பி வந்த தேதி. மாப்பிள்ளை அப்போதும் நடைவழியில்தான் நின்றிருந்தார். அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, அந்த இடத்தை அப்படியே விட்டாள்.