பேச்சு நிற்காத வேகம்

டீத் தூக்கோடு வரப்பில் நின்று, ஒன்பது பெண்கள் நாற்று நடுவதை என் ஓட்டக் கடிகாரத்தில் நேரம் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் அது உறைத்தது: எனக்கு ஆரம்பிக்கத் தெரியவில்லை.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் தஞ்சாவூரில் என் முதல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். கொடி அசைந்ததும் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி பாய்ந்தேன். முதல் கிலோமீட்டரில் எனக்கு முன்னால் பத்துப் பேர்கூட இல்லை. மூன்றாவதில் விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். செல்ஃபி எடுத்துக்கொண்டே ஓடிய ஒரு ஜோடி என்னைக் கடந்தது. நின்று நிதானமாக இன்னொரு செல்ஃபி எடுத்தது. மறுபடியும் கடந்தது.

வீட்டில் அம்மா, ஷூவை எங்கே வைக்கட்டும் என்று மட்டும் கேட்டார். "பரண்ல ஸ்கேட்டிங் இருக்கு, பீரோ மேல கிடார் இருக்கு. இதுக்கு எடம் பாக்கணும்ல?"

அதுதான் குத்தியது. பொறியியல் முடித்து, பூதலூர்ப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்தே கணினியில் வேலை பார்க்கிறேன். எதையும் ஒரே நாளில் பிடித்துக்கொள்வேன், ஒரே மாதத்தில் விட்டுவிடுவேன். இதையாவது விடக் கூடாது. அடுத்த ஓட்டத்தில் ஒரு அடிகூட நடக்காமல் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் ஷூவும் பரணுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று குறுவை நடவு. அம்மாவின் குழுவுக்கு டீ கொண்டுபோயிருந்தேன். வரிசையின் முதல் ஆள் எதிர்வீட்டு அண்ணி. முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். குனிந்தபடியே பின்னால் நகர்ந்து நடுகிற அந்த வரிசை முழுக்க அவர் கையைப் பார்த்துத்தான் நகரும். சும்மா விளையாட்டாக எண்ணினேன். அண்ணி நிமிடத்துக்கு நாற்பது குத்து நாற்று. ஒரு மணி நேரம் கழித்து எண்ணினேன். நாற்பத்தொன்று! முழங்கால் சேற்றில், அந்த வெயிலில், எந்தக் கடிகாரமும் கட்டாமல்.

"என்னடி, மாட்டை வெலை பேச வந்தவ மாதிரி எங்களையே சுத்திச் சுத்திப் பாக்குற?" என்றார் அண்ணி.

"ஆரம்பத்துல ஏன் அண்ணி இவ்ளோ மெதுவா நடுறீங்க?"

"மெதுவாவா? சாயங்காலம் வந்து பாரு, அப்பவும் இதேதான்."

வரிசை சிரித்தது. அண்ணி விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். கை ஓய்ந்தாலும் அந்த வரிசையில் பேச்சு ஓயாது. மாப்பிள்ளை வீட்டு வேன், வழி தப்பிய மண்டபம் என்று என்னவோ போய்க்கொண்டிருந்தது. வரிசையில் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி இருந்தாள். டீக்குப் பிறகு அவள் கைதான் எல்லோரையும்விட வேகம். கொஞ்ச நேரத்தில் அவள் சிரிப்பு மட்டும் கேட்கவில்லை.

அண்ணி தலையைத் தூக்கவே இல்லை. "என்ன, அந்தப் பக்கம் சத்தத்தையே காணோம்?" என்றார். அவ்வளவுதான். அவர் கை லேசாகத் தணிந்தது. ஒன்பது பேர் கையும் தணிந்தது. யாரும் அந்தப் பெண்ணைத் திட்டவில்லை. ஐந்து நிமிடத்தில் அவளே, "அப்புறம் என்னக்கா ஆச்சு?" என்று கேட்டாள். கை பழைய கணக்குக்குத் திரும்பியது.

பேச முடிகிற வேகம்தான் கடைசிவரை தாங்குகிற வேகம். ஓட்டக்காரர்களுக்கான காணொளிகளில் இதை நானும் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

மறுநாளிலிருந்து வாய்க்கால் கரையில் சத்தமாகப் பேசிக்கொண்டே ஓடினேன். துணைக்கு ஆள் இல்லாததால் என் மேலாளரைப் பற்றி எனக்கே புகார் சொன்னேன். நான்காம் நாள் டீக்கடைக்காரர் அம்மாவை நிறுத்தி, "புள்ளைக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா? தனியாப் பேசிட்டுப் போவுதே" என்று கேட்டிருக்கிறார்.

அடுத்த ஓட்டம் செப்டம்பரில். தஞ்சாவூரில் கல்லணைக் கால்வாய்க் கரையோரமாகப் போய்த் திரும்ப வேண்டும். பக்கத்தில் நின்றவர்களெல்லாம் காதில் ஏதாவது மாட்டியிருந்தார்கள். பச்சை முக்காடு போட்ட ஒரு பெண் மட்டும் சும்மா நின்றார். மன்னார்குடியில் மருந்துக்கடை வைத்திருப்பவராம், இதுதான் முதல் ஓட்டமாம்.

"ஏங்க, பேசிக்கிட்டே ஓடுவமா?" என்றேன்.

ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எதைப் பத்தி?"

அண்ணி கதையையே எடுத்தேன். "எங்க பக்கத்து ஊர்ல ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டு வேன் வழி தப்பி வேற மண்டபத்துக்குப் போயிருச்சு."

கொடி அசைந்தது. கூட்டம் பிய்த்துக்கொண்டு போனது. என் கால்கள் அதோடு போகத் துடித்தன. வாய் கதையில் இருந்ததால் தப்பித்தேன்.

"அய்யய்யோ. அப்புறம்?"

"வாங்க வாங்கன்னு பன்னீர் தெளிச்சிருக்காங்க. பந்தியில உக்காந்து டிபனும் சாப்ட்டாச்சு..."

இரண்டாவது கிலோமீட்டரில் அவர் சிரித்தார். மூன்றாவதில், எனக்கு விலா பிடித்த அதே தூரத்தில், பொண்ணைப் பார்க்கப் போய் வேறு பொண்ணைப் பார்த்த இடத்துக்கு வந்திருந்தோம். வலியே இல்லை! சந்தோஷத்தில் கதையை மறந்து காலை எட்டிப் போட்டேன். அவரிடமிருந்து "ம்" மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

அப்படியே போயிருக்கலாம். போட்டிதானே, யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அந்த மௌனத்தைக் கேட்டதும் என் மூச்சையும் கவனித்தேன். நானும்தான் பேசி நூறு அடி ஆகியிருந்தது. வேகத்தைத் தணித்தேன்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?"

கொஞ்ச தூரம் வெறும் காலடிச் சத்தம். பிறகு மெல்ல, "டிபன் சாப்ட்டாங்கள்ல... என்ன டிபன்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. பொங்கல், வடை, கேசரி என்று அடித்துவிட்டேன். கேசரியில் நான்காவது கிலோமீட்டர் பலகை கடந்தது. கடைசி வளைவில் பேச்சை நிறுத்திவிட்டு இருவரும் இருக்கிற மூச்சையெல்லாம் கொடுத்து ஓடினோம். முப்பத்தாறு நிமிடம். ஒரு அடிகூட நடக்கவில்லை.

பதக்கத்தைக் கழுத்தில் போட்டபடியே அண்ணி வீட்டுக்குப் போனேன். எவ்வளவு நேரத்தில் ஓடினேன் என்று சொன்னதும், அவர் அதைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார்.

"முப்பத்தாறு நிமிஷமா?"

"ஆமாண்ணி!"

"அவ்ளோதானா? நாங்க வெத்தலை போட்டு எந்திரிக்கவே அவ்ளோ நேரம் ஆவுமே." கூட வந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணி பதக்கத்தை என் கையில் திணித்தார். "குறுவை அறுப்பு முடிஞ்சு தாளடி நடவுக்கு வா. எங்க வரிசையில நில்லு. மத்தியான சாப்பாடு வரைக்கும் கரையேறாம நட்டுட்டா நான் ஒத்துக்குறேன்."

காலை ஆறரையிலிருந்து ஒரு மணி வரை. இதுவரை நான் நட்டது தொட்டியில் ரோஜாச் செடி மட்டும். ஷூ வாசலிலேயே இருக்கிறது, அன்றைக்கு அது தேவைப்படாது. அலுவலகத்தில் விடுப்பு சொல்லிவிட்டேன். அண்ணிக்குப் பக்கத்து இடத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். முதல் ஒரு மணி நேரம் அவர் கையைத் தாண்டி என் கை ஒரு குத்துகூட முந்தக் கூடாது.