முன்பல்லும் குலவையும்

அகரம் கிராமத்தில் ஒரு வீட்டில் பந்தக்கால் ஊன்றினால், புரோகிதரைத் தேடுகிறார்களோ இல்லையோ, அய்யம்மாளைத் தேடுவார்கள். குலவையை அவள்தான் எடுக்க வேண்டும். அவள் நாக்கு சுழன்று முதல் ஒலி கிளம்பியதும் மற்றப் பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சேர்ந்துகொள்வார்கள். எடுப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை, வாயுள்ளவள் எவளும் எடுத்துவிடலாம். முடிப்பதற்குத்தான் ஆள் வேண்டும். அய்யம்மாள் வலது கையைத் தோள் வரைக்கும் உயர்த்தி மெல்ல இறக்குவாள். அத்தனை குரலும் ஒன்றாக அடங்கும். அந்த அமைதி வந்த பிறகுதான் நல்ல காரியம் நடந்துவிட்டதென்று ஊர் நம்பும்.

மற்ற நாட்களில் அவள் பூக்காரி. விடியும்போதே மல்லிகைத் தோட்டத்தில் நிற்பாள். கை மொட்டைக் கிள்ளும், மனம் பனியோடு பனியாக எங்காவது போய்விடும். இரண்டு மூன்று தடவை கூப்பிட்டால்தான் திரும்புவாள். "ஒங்க அம்மாவுக்கு ஒடம்பு இங்க, உசுரு சிறுமலையில" என்று அவள் புருஷன் மொக்கைச்சாமி மகளிடம் சொல்லிச் சிரிப்பான்.

சில வருஷங்களுக்கு முன்பு, பல் தேய்க்கும்போது கீழ்வரிசை முன்பற்களின் ஈறில் ரத்தம் கண்டது. புண்ணான இடத்தை எவளாவது போய் நோண்டுவாளா? பாவம், ஆறட்டும் என்று அந்த இடத்தை மட்டும் தொடாமல் விட்டுவிட்டாள். மற்றப் பற்களை எல்லாம் பளிச்சென்று தேய்ப்பாள், அங்கே வந்ததும் பிரஷ்ஷைத் தூக்கிக்கொள்வாள். அவள் காட்டிய இரக்கத்துக்கு ஈறு நன்றாகவே கைம்மாறு செய்தது. வீங்கியது, நாறியது, கடைசியில் பற்கள் ஆடத் தொடங்கின. அய்யம்மாள் முந்தானையால் வாயை மறைத்துப் பேசப் பழகினாள். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். இவளுக்குக் குலவையும் அல்லவா போய்விடும்!

மகள் கீர்த்தனாவுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை விக்னேஷ்குமார் அவளோடு மில்லில் வேலை பார்ப்பவன், அவளாகத் தேர்ந்தெடுத்த பையன். தாம்பூலம் மாற்றியதும் பெண்கள் எல்லோரும் அய்யம்மாள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் நாக்கை லேசாக அசைத்தாள். முன்பல் அசைந்தது. இத்தனை பேர் நடுவில் விழுந்து தொலைத்தால்? முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு தலை குனிந்தாள். வேறு யாரோ குலவையை எடுத்தார்கள். முடிக்க ஆளில்லாமல் அவரவர் மூச்சு தீர்ந்த இடத்தில் நின்றார்கள். கடைசியாகத் தனியே குலவையிட்டுக்கொண்டிருந்த ஒருத்தி வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

மறுநாள் காலையில் கீர்த்தனா அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"ஒனக்கு அவரைப் பிடிக்கலைன்னா நேரா சொல்லியிருக்கலாம்ல. ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் குலவை போடுவ. எனக்கு மட்டும் போட மாட்டியா?"

பல் ஆடுதடி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஊரே தன் வாயைப் பார்க்க வாழ்ந்தவளுக்கு அந்த வெட்கக்கேட்டைச் சொல்ல நா எழவில்லை. "பூவுக்கு நேரமாச்சு" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நொந்த இடத்தைத் தொடாமல் விடுவது அவளுக்குப் பல்லில் மட்டுமா பழக்கம்?

திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கூடையை இறக்கிவிட்டு, நேரே பல் ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். அங்கே டாக்டர் ஆனந்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

"எல்லாத்தையும் புடுங்கிட்டு பல்செட்டு வச்சு விடுங்க டாக்டரம்மா. மகளுக்குக் கல்யாணம்."

"பல்லு நல்லாத்தான்ம்மா இருக்கு. அதைப் புடிச்சுக்கிட்டு இருக்க எலும்புதான் கரைஞ்சுபோச்சு."

"கிருமி தின்னுருச்சாக்கும்."

"கிருமி சேர்ந்தது நெசம். ஆனா எலும்பைக் கரைச்சது ஒங்க ஒடம்புதான்."

டாக்டர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்.

"ஈறுல காவலுக்குன்னு அணுக்கள் இருக்கும்மா. கிருமியைக் கண்டதும் ஆள் வரச் சொல்லிச் சேதி அனுப்பும். ரத்தத்துல இருந்து வெள்ளையணு கூட்டமா வரும். அதான் அந்த வீக்கம், செவப்பு. சண்டை முடிஞ்சா, போதும், அடங்குன்னு வேற சேதி போகும். நீங்க அந்த எடத்தைத் தேய்க்காம விட்டீங்களா, கிருமி அங்கேயே குடியிருந்துருச்சு. கூப்புடுற சேதி நிக்கவே இல்ல. எலும்புல பழசைக் கரைக்கிற அணுவும் உண்டு, புதுசை வைக்கிற அணுவும் உண்டு. இந்தச் சேதி போய்க்கிட்டே இருக்கவும் கரைக்கிற பக்கம் கை ஓங்கிருச்சு."

அய்யம்மாளுக்குப் பிடிபட்டுவிட்டது.

"குலவையை எடுத்துட்டாக, முடிக்க ஆளில்ல" என்றாள்.

டாக்டர் சிரித்தார். "அப்படியே வச்சுக்கங்க."

"போன எலும்பு திரும்பி வருமா?"

"பெருசா வராதும்மா. இருக்கறதைக் காப்பாத்தலாம். மரத்துப்போக ஊசி போட்டுட்டு உள்ள வரைக்கும் சுத்தம் பண்றேன். வலிச்சா கையைத் தூக்குங்க."

ஊசி போட்டதும் உதடு தடித்து யாருடையதோ போல ஆனது. மேலே விளக்கு வெள்ளையாக எரிந்தது. தண்ணீர் சலசலக்கும் சத்தத்தில் அய்யம்மாளின் கண்கள் சொருகின. தோட்டத்தில் விடிந்துகொண்டிருந்தது. பனிக்குள் செடிகள் மங்கலாக நின்றன. எங்கிருந்தோ ஒரு குலவை கேட்டது. வெள்ளை உடுத்தியவர்கள் அது கேட்ட திசைக்கு ஓடிவந்தார்கள். நல்லவர்கள்தான், உதவிக்குத்தான் வந்தார்கள். வந்தவர்களும் குலவையிட்டார்கள். அதைக் கேட்டு இன்னும் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் காலடியில் வரப்பு கரைந்தது, செடிகள் வேரோடு சாய்ந்தன. யாரும் கெட்ட எண்ணத்தோடு மிதிக்கவில்லை. நிறுத்தும்படி ஒருவரும் சொல்லாததால் மிதித்தார்கள். வரப்பில் நின்ற அய்யம்மாளுக்கு அழுகை வந்தது. கை கல்லாகக் கனத்தது. முழுப் பலத்தையும் கூட்டி வலது கையைத் தோள் வரைக்கும் உயர்த்தினாள்.

தண்ணீர் சத்தம் நின்றது. "வலிக்குதாம்மா?" என்று டாக்டர் குனிந்து கேட்டார்.

இல்லை என்று தலையை அசைத்து, உயர்த்திய கையை மெல்ல இறக்கினாள். தோட்டம் அமைதியாக இருந்தது.

அடுத்தடுத்துப் போன நாட்களில், ஆடும் பற்களைப் பின்பக்கமாக மெல்லிய கம்பியால் டாக்டர் சேர்த்துக் கட்டினார். சரம் தொடுத்த மாதிரி இருக்கிறதே என்று அய்யம்மாள் நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டாள். ரத்தம் வந்தாலும் பயப்படாமல் அந்த இடத்தையே மெதுவாகத் தேய்க்கச் சொல்லியிருந்தார். பயந்து பயந்துதான் தேய்த்தாள். வீக்கம் வற்றியது, ரத்தம் நின்றது, நாற்றம் போன இடம் தெரியவில்லை. "ஏத்தா, கல்யாணம் மகளுக்கா, ஒனக்கா? இம்புட்டு நேரம் பல்லு வெளக்குற" என்றான் மொக்கைச்சாமி. கீர்த்தனா மட்டும் அம்மாவிடம் கேட்டதற்குப் பதில் சொல்வதோடு நிறுத்திக்கொண்டாள்.

தாடிக்கொம்பில் கல்யாணம். மணமேடையில் கீர்த்தனா அம்மா நிற்கும் பக்கமே பார்க்கவில்லை. கெட்டிமேளம் கொட்டியது. பெண்கள் பழக்கத்தில் அய்யம்மாளைப் பார்த்தார்கள். பிறகு நிச்சயதார்த்தம் நினைவுக்கு வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அய்யம்மாள் முந்தானையை இடுப்பில் செருகினாள். வாயைத் திறந்தாள்.

முதல் ஒலி கிளம்பியதும் தாலிக்குக் குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. மாப்பிள்ளை கையில் பிடித்த தாலியோடு சற்று நேரம் காத்து நின்றான். மண்டபமே குலவையிட்டது. கீர்த்தனாவின் கண்கள் நிறைந்து வழிந்தன. தாலி ஏறி முடிச்சு விழுந்தது. எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. அய்யம்மாள் உயர்த்திய கையை இறக்கவேயில்லை. மகளைப் பார்த்துக்கொண்டே நாக்கைச் சுழற்றினாள். போதும் என்று அவளுக்கே பட்டபோதுதான் கை இறங்கியது.

ஆசீர்வாதம் வாங்க வந்த மகளை ஓரமாக இழுத்து, வாயை அகலத் திறந்து, கீழ்ப்பற்களுக்குப் பின்னால் இருந்த கம்பியைக் காட்டினாள்.

"அன்னைக்கு ஆடுனது இந்தப் பல்லுதான்டி. எம் மனசு இல்ல."

கீர்த்தனா அந்தக் கம்பியையே பார்த்தாள். "இதச் சொல்லாமயா என்னைய இம்புட்டு நாளு அழ விட்ட?"

"சொல்ல வெக்கமா இருந்துச்சு தாயி."

கீர்த்தனா மாலையோடு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். விடியலில் அய்யம்மாளே பறித்த மல்லிகை இருவருக்கும் நடுவே நசுங்கியது.