நூறு மணி நேரம் ஓடவேண்டிய ஸ்பீக்கர்

சித்தப்பா அந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தார். ஒன்றை மடியில் வைத்திருந்தார், மற்றொன்றைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்திருந்தார். பெட்டிக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்ன கண்டக்டரோடு செய்யூர் வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டு வந்ததாகப் பெருமையாகச் சொன்னார். எனக்கு அப்போது பத்து வயது.

சித்தப்பா அப்பாவுக்கு ஒரே தம்பி. ஆழ்துளைக் கிணறு போடும் லாரியில் வேலை. போர் வண்டி என்போம். பன்னிரண்டு வருடம் அதோடு ஊர் ஊராகப் போனவர். கம்ப்ரஸர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கைச்சாடையில்தான் பேச முடியுமாம். மழைக்காலத்தில் வேலை நின்றதும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அந்த இரண்டு மாதமும் வீட்டில் பாட்டுதான். அந்த வருடம் அத்தைக்கு மாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்ததால், பாட்டுக்கு ஒரு காரணமும் கிடைத்துவிட்டது.

பெட்டிகளை இறக்கியதும் ஒரு பழைய பாட்டைப் போட்டார். கண்ணை மூடிக் கேட்டார். நிறுத்தினார். மறுபடி போட்டார். முகம் சுருங்கிப் போயிற்று. மறுநாள் கடைக்காரருக்கு போன் போட்டுப் பேசிவிட்டு வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"புது ஸ்பீக்கராம். நூறு மணி நேரம் ஓடணுமாம். அப்பதான் சத்தம் தொறக்குமாம்" என்றார்.

அப்பா இரண்டு சக்கர வண்டி மெக்கானிக். கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "எவன்டா சொன்னான்? சத்தம் இன்னா தாப்பா போட்டுகினு உள்ள குந்தினுகீதா?"

"புது வண்டிய நாப்பதுக்கு மேல ஓட்டாதன்னு நீ மட்டும் சொல்றியே?"

"அது இரும்பும் இரும்பும் ஒரசிப் பழகணும்டா. இதுக்குள்ள கீறது வெறும் காயிதம். மொத நாளு இன்னா கேக்குதோ, அதான் எப்பவும் கேக்கும்."

"உனுக்கு வண்டி தெரியும்ணா. பாட்டு தெரியாது."

வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. அம்மாவும் அத்தையும் அப்பா பக்கம். சித்தப்பா பக்கம் நான் ஒருத்திதான். அதனால் மணிக்கணக்கு எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மணிக்கு ஒரு கோடு போட்டேன். பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்துக்கு அத்தை சாட்சி. தலைவலி என்று அம்மா சொன்னால் சித்தப்பா சத்தத்தைக் குறைப்பாரே தவிர நிறுத்தமாட்டார்.

ஒவ்வொரு நாளும் சாயங்காலம் அதே பாட்டைப் போட்டு, "தொறந்துச்சா பாப்பா?" என்று கேட்பார்.

நான் உன்னிப்பாகக் கேட்பேன். முதல் நாள் கேட்டதுபோலவே இருக்கும். திறக்கப்போவது ஏதோ பெரிய அதிசயம் என்று நினைத்திருந்தேன். திருவிழா ஊர்வலம் தெருமுனை திரும்பியதும் மேளம் சட்டென்று ஓங்கிக் கேட்குமே, அதுபோல. அப்படி எதுவும் நடக்கவில்லை. "இன்னும் இல்ல சித்தப்பா" என்பேன். அவரும் தலையாட்டுவார். எங்கள் இருவருக்கும் ஒரே காது என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்.

நூறாவது கோடும் போட்டாயிற்று. எதுவும் திறக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை சித்தப்பா பெட்டிகளை மறுபடி துணியில் கட்டி, என்னையும் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனார்.

கடையில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். சித்தப்பா எடுத்த எடுப்பிலேயே குரலை உயர்த்தினார். "நடுவுல எல்லா வாத்தியமும் நின்னு சலங்க மட்டும் வரும்யா. சின்னப் பையன்லேர்ந்து கேட்ட பாட்டு. உன் ஸ்பீக்கர்ல அது எங்கய்யா?"

கடைக்காரர் அந்தப் பெட்டிகளிலேயே பாட்டைப் போட்டார். அந்த இடம் வந்தது. வாத்தியங்கள் அடங்கின. சலங்கை மெல்லக் குலுங்கியது. நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கேக்குதே அண்ணாத்த" என்றார் ஒருவர்.

"எங்க கேக்குது? எல்லாம் அவன் ஆளா நீங்க?"

கடைக்காரர் என் பக்கம் குனிந்தார். "நீ சொல்லு பாப்பா. சலங்க கேக்குதா?"

"கேக்குது. மொத நாள்லேர்ந்தே கேக்குது" என்றேன். சித்தப்பா இத்தனை நாளாகத் தேடியது அந்தச் சின்னச் சலங்கையைத்தான் என்று எனக்கு அதுவரை தெரியாது.

யாரோ சிரித்தார்கள். சித்தப்பா என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவரோ பெட்டிகளைத் துணியில் கட்ட ஆரம்பித்தார். முடிச்சு சரியாக விழவில்லை. மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினார். பஸ்ஸில் எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார்.

வீட்டில், "இன்னும் நூறு மணி நேரம் ஓடணுமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அப்பா என்னைக் கேட்டார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அப்பா கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

அன்று சித்தப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒயரைச் சொருகிக்கொண்டிருந்தபோது, அப்பா ஓசைப்படாமல் அவர் பின்னால் போய் நின்று, பட்டறைச் சாவிக்கொத்தை அவர் தலைக்கு மேல் குலுக்கினார். சித்தப்பா திரும்பவில்லை. இன்னும் கிட்டே கொண்டுபோய்க் குலுக்கினார். ஏதோ விளையாட்டு என்று நினைத்து நான் களுக்கென்று சிரித்தேன். அப்பா என்னை முறைத்தார். பிறகு முன்னால் வந்து நின்று, சத்தமாகச் சொன்னார்: "ஓடட்டும்டா. இன்னும் நூறு மணி நேரம் ஓடட்டும். நீ சொல்றதுதான் சரி."

நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நான் குதித்தேன்.

பொங்கல் முடிந்ததும் சித்தப்பா வேலைக்குப் போனார். அவரைக் கூட்டிப்போக, அதே போர் வண்டியில் வேலை செய்யும் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வந்திருந்தார். பதினெட்டாம் நாள் தகவல் வந்தது. மேலே தூக்கிய இரும்பு ராடு கொக்கியிலிருந்து நழுவியிருக்கிறது. நின்றவர்கள் எல்லாரும் கத்தியிருக்கிறார்கள். சித்தப்பா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

"அந்தச் சத்தத்துல யாருக்குத்தான் கேக்கும்?" என்று எழவுக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். பக்கத்து ஊர்க்காரர் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு, "டீ வாங்கத்தாண்ணா போனேன். ரெண்டே நிமிசம்ணா" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். இந்த நேரத்தில் டீயைப் பற்றி எதற்குப் பேசுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. அப்பா அவர் தலையில் கையை வைத்தபடி நின்றார். அத்தையின் கல்யாணம் தள்ளிப்போய், பிறகு ஒரு கோயிலில் மேளமில்லாமல் நடந்தது.

பல வருடங்கள் கழித்து, வேலையில் சேருவதற்கு முன் எனக்கு மருத்துவப் பரிசோதனை நடந்தது. கண்ணாடி அறையில் உட்காரவைத்துக் காதில் மெல்லிய ஓசைகளை அனுப்பினார்கள். இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். பெரிய இயந்திரங்களுக்குப் பக்கத்தில் வேலை செய்பவர்களுக்கு முதலில் சன்னமான ஓசைகள்தான் கேட்காமல் போகும் என்றார் பரிசோதனை செய்த பெண். கனத்த ஓசைகள் கேட்டுக்கொண்டே இருப்பதால், காது போனது அவர்களுக்கே தெரியாதாம்.

அன்றே ஊருக்குப் போய், சித்தப்பாவின் காதைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன். பட்டறையில் அவர் ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தெரியும்மா. வெளிய சொன்னா மறுநாளே வண்டிய வுட்டு எறக்கிடுவாங்க. உங்க அத்த கல்யாணம் அவன் சம்பாத்தியத்த நம்பித்தான் கெடந்துச்சு. மாசி வரிக்கும் ஓட்டிடலாம்னு நெனச்சேன்."

சித்தப்பா கிளம்பிய காலை அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. பஸ் நிறுத்தம்வரை நானும் அப்பாவும் போயிருந்தோம். சித்தப்பா பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா அந்தப் பக்கத்து ஊர்க்காரரைப் புளியமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டுபோய் ஏதோ சொன்னார். சித்தப்பா பக்கம் கண்ணைக் காட்டினார். தன் காதைத் தொட்டுக் காட்டினார். அந்த ஆள் பலமாகத் தலையாட்டினார். ஸ்பீக்கர் கதையைச் சொல்லி ஊரான் ஒருவனிடம் சித்தப்பாவைக் கேலி செய்கிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அன்று முழுவதும் நான் அப்பாவோடு பேசவில்லை.