தானாக ஓடிய சீவுளி மெஷின்

கந்தப்பளையில் எங்கள் தச்சுப் பட்டறையில் காலைக் குளிரில் விரல் விறைத்துவிடும். மரம் சீவும் மெஷினின் சுவிட்சை அழுத்திப் பிடித்திருக்க முடியாது. அதனால் பக்கத்திலுள்ள சின்னப் பொத்தானை அமுக்கி, சுவிட்சைப் பூட்டிவிட்டு வேலை செய்வோம்.

ஒரு மழை நாளில் பலகையைப் பாதி சீவும்போதே கரண்ட் போனது. மெஷினை அப்படியே பலகைமேல் வைத்துவிட்டுச் சீவல்களைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

“ரேவதி, தேத்தண்ணி ஆறுது” என்று என் கணவர் கூப்பிட்டார். இரண்டடி வைத்திருப்பேன், பின்னால் மெஷின் அலறியது. பலகையிலிருந்து பாய்ந்து, நான் நின்ற இடத்திலேயே விழுந்தது.

“யாரு சுவிட்ச போட்டது?” என்று அவர் ஓடி வந்தார்.

“யாரும் போடலைங்க.”

பயம் அடங்கியதும் எனக்கும் அதே கேள்விதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால், சுவிட்ச் பூட்டியபடியே இருந்தது. கரண்ட்தான் நின்றிருந்தது, மெஷினை நாங்கள் நிறுத்தவே இல்லை. கரண்ட் திரும்பி வந்ததும் அது தானாக ஓடிவிட்டது.

இப்போது கரண்ட் போனால் முதலில் பிளக்கைக் கழற்றுகிறோம். புது மெஷின் வாங்கப் போனபோதும், சுவிட்சைப் பூட்டி, கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பிளக்கைச் சொருகும்படி கடைக்கார முஸ்லிம் அண்ணனிடம் கேட்டேன். சொருகியதுமே அது சீறியது. வேண்டாம் என்றேன்.

“ஏன் தங்கச்சி, நல்லா ஓடுதே?”

“அதான் நானா வேணாங்கிறேன். நான் பூட்ட எடுக்க மறந்தாலும், கரண்ட் வந்ததும் தானா ஓடாம நிக்கிறது இருந்தா காட்டுங்க.”