மகளின் பெயருக்கு ஓர் ஓமஹா ஆட்டம்

என் மகளுக்குப் பெயர் வைக்க ஒரு மணி நேரமே இருந்தபோது, முள்ளிப்பட்டில் மாமனார் வீட்டுத் தறிக்கூடத்தில் நான் சீட்டுக் கட்டோடு உட்கார்ந்திருந்தேன். எதிரே மச்சான், என் மனைவியின் அண்ணன். நான் ஒரு பெயரில் நின்றேன், அவர் வேறொரு பெயரில் நின்றார். ஒரு வாரம் பேசியதில் இருவருக்கும் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

"சனம் வர்றதுக்குள்ள முடிவு பண்ணுங்க. இல்லாங்காட்டி நானே ஒண்ணு வெச்சிடுவேன்" என்று மனைவி கதவைச் சாத்திக்கொண்டாள்.

சீட்டாடித் தீர்க்கலாம் என்றது நான்தான். மச்சான் ரம்மியில் புலி. அதனால் ரம்மி வேண்டாமென்று, செல்போனில் வீடியோ பார்த்துக் கற்ற ஓமஹா என்ற போக்கர் ஆட்டத்தை இழுத்தேன். அதில் பரிசு இரண்டாகப் பிரியும். பெரிய சேர்க்கை வைத்திருப்பவருக்கு பிறப்பு சர்டிபிகேட்டில் ஏறும் பெயர். சின்ன சேர்க்கைக்கு வீட்டில் கூப்பிடும் பெயர்.

விதியை நானே வாத்தியார் மாதிரி விளக்கினேன். கையில் நாலு சீட்டு, நடுவில் ஐந்து. கையிலிருந்து இரண்டு, நடுவிலிருந்து மூன்று. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அந்த ஐந்தில் ஜோடி, வரிசை என்று யாருக்கு உயர்ந்தது அமைகிறதோ அவருடையது பெரிய சேர்க்கை. சின்ன சேர்க்கை என்றால் எட்டைத் தாண்டாத ஐந்து வெவ்வேறு எண்கள். அதில் ஏஸுக்கு மதிப்பு ஒன்று. ஏஸிலிருந்து ஐந்து வரை அமைந்தால் அதை யாரும் வெல்ல முடியாது. சின்னது ஒருவருக்கும் அமையாவிட்டால் பெரியதுக்காரருக்கே முழுதும்.

"புரிஞ்சுதா மச்சான்?"

"நீ புரிஞ்சுகினியா மாப்ள? அத்த சொல்லு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சகலை சீட்டு போட்டார். எடுத்துப் பார்த்தேன். ஏஸ், ரெண்டு, மூணு, ஒரு ராஜா. இத்தனை வருட ரம்மியில் கை பழகிவிட்டது. ஏஸ், ரெண்டு, மூணைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நடுவில் மூன்று சீட்டு விழுந்தன. நாலு, ஒன்பது, ஐந்து.

ஏஸ், ரெண்டு, மூணு, நாலு, ஐந்து! வீட்டுப் பெயர் என் சட்டைப் பையில். இனி ஒரு ராஜா வந்தால் சர்டிபிகேட்டும் கிடைக்கும். மூச்சே விடாமல் உட்கார்ந்திருந்தேன். உள்ளறையில் குழந்தை சிணுங்கியது.

"இன்னா மாப்ள, கையெல்லாம் ஆடுது?"

"ஃபேன் காத்து."

"ஃபேன் ஓடல மாப்ள."

அடுத்தது ராணி. சகலை கடைசிச் சீட்டைத் திருப்பாமல், வேண்டுமென்றே விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"ஜல்தி போடு சகல, பேஜார் பண்ணாத!" என்று கத்திவிட்டேன்.

ஜாக்கி.

மச்சான் நிதானமாகத் தன் ஜாக்கியையும் ஒன்பதையும் வைத்தார். நடுவிலிருந்த ஜாக்கி, ஒன்பதோடு சேர்ந்து இரண்டு ஜோடி. சர்டிபிகேட் போயிற்று. போகட்டும். நான் மூன்று சீட்டையும் பாயில் அறைந்தேன்.

"வீட்டுப் பேரு என்னுது! ஏஸ்லேர்ந்து அஞ்சு வரைக்கும்!"

மச்சான் என் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"கையில ரெண்டுதான்னு எவனோ ஒருத்தன் சொன்னான். யாரு சகல அது?"

பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். நடுவில் எட்டுக்குட்பட்டவை இரண்டே இரண்டு. மூன்றாவது வரவேயில்லை. அந்த ஆட்டத்தில் சின்ன சேர்க்கை யாருக்குமே அமைய வழியில்லை. நான் ரம்மி ஆடியிருக்கிறேன். அவர் ஓமஹா ஆடியிருக்கிறார்.

இரண்டு பெயரும் அவர் பங்கு. வீட்டில் கூப்பிட அதையே பாதியாக வெட்டிக்கொண்டார்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. உறவுக்காரர்கள் இறங்கினார்கள். குழந்தையைத் தொட்டிலில் போட்டார்கள். காதில் பெயர் சொல்வது அப்பன் வேலை. குனிந்தேன். மனசில் ஒரு திருட்டு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு தலையும் குனிந்தது.

"சொல்லு மாப்ள, கேட்டுகினுதான் இருக்கேன்."

மச்சான் வைத்த பெயரையே மூன்று முறையும் சொன்னேன். மகள் கண்ணைத் திறந்து, என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள்.