நானா பச்சையில் ஓட்டிய நாள்

என் நானா, அதாவது அண்ணன், கட்டாரில் இருந்து லீவில் வந்ததும் செய்த முதல் வேலை, ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்திறங்கிய ஒரு சிவப்புக் காரை வாங்கியதுதான். தரையோடு தரையாக நிற்கும் கார். ஏறுவதென்றால் குனிந்து நுழைய வேண்டும், இறங்குவதென்றால் யாராவது கை கொடுக்க வேண்டும். பின் சீற்றில் இருந்தால் என் முழங்கால் நாடியில் முட்டும். அந்த லீவில் அவர் உம்மாவோடு கதைத்ததைவிடக் காரோடு கதைத்ததுதான் அதிகம்.

முன் சீற்றுகள் இரண்டுக்கும் நடுவில் மூன்று பட்டன்கள் இருந்தன. முதலாவதை அமத்தினால் மீட்டர் பச்சையாகும். கார் பெற்றோலை மிச்சம் பிடித்துக்கொண்டு சோம்பல் முறித்து நகரும். அடுத்ததை அமத்தினால் நீலம், சாதாரண ஓட்டம். மூன்றாவதுதான் ஸ்போர்ட். மீட்டர் முழுக்கச் சிவந்து, எஞ்சின் உறும ஆரம்பித்துவிடும். நானா மற்ற இரண்டையும் தொட்டதே கிடையாது. எங்கள் மதுரங்குளிச் சந்தியில் அவர் அக்ஸிலேட்டரை மிதித்தால் கடைக்குள் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும், பொய் சொல்வானேன்.

அவர் வந்தது கலியாணம் முடிக்கத்தான். பெண், என்னோடு ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறவள். குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயத் தோட்டமுள்ள குடும்பம். என் கைபேசியில் அவளுடைய படத்தைப் பார்த்த நாளிலிருந்து நானாவுக்கு வேறு பேச்சில்லை. எனக்குத்தான் உள்ளுக்குள் பயம். நாங்கள் யுத்தத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த துணியோடு வந்தவர்கள். யுத்தம் முடிந்து, இங்கேயே கல்வீடு கட்டி, பள்ளிவாசலுக்குச் சந்தாவும் கொடுத்து வாழ்ந்தாலும் சிலருடைய வாயில் நாங்கள் இன்னும் அகதிகள்தான். ஆனால் பெண்ணின் உம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்டனுப்பியது வேறு.

"பொடியன் வாகனத்தப் பறக்க ஓட்டுறாராமே? எங்கட ஒத்தப் புள்ளைய அப்புடி ஒருத்தருக்குக் குடுக்கேலாது. வந்து பாத்துட்டுத்தான் முடிவு செல்லுவன்."

எங்களில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை பார்க்க வருவார்கள். அவரும் அவருடைய காக்காவும், அதாவது அண்ணனும், கற்பிட்டி பஸ்ஸில் பாலாவிச் சந்திக்கு வந்து இறங்குவதாகவும், அங்கிருந்து நாங்கள் அழைத்துப்போவதாகவும் பேச்சு. வேன் பிடிப்போம் என்றேன். நானா கேட்கவில்லை.

"கார் இரிக்க வேன் பிடிச்சா, ஒளிக்கிறம் எண்டு நினைப்பாங்க. நான் எவ்வளவு நிதானமா ஓட்டுறன் எண்டு அவங்களே பாக்கட்டும்."

"அப்ப நீலத்தப் போடுங்க நானா."

"இல்ல, பச்சை. பச்சைதான் அமைதி."

அன்று காலை அவர் முகத்தில் இருந்த பணிவைப் பார்த்து உம்மாவே சந்தேகப்பட்டார்.

பாலாவியில் இறங்கிய இருவரையும் மாமி, மாமா என்றே கூப்பிட்டோம். மாமா முன்னால் ஏற, நானும் மாமியும் பின்னால் நுழைந்து மடங்கினோம். ரயில் கடவையில் மறித்திருந்தார்கள். கார் நின்றதும் எஞ்சினும் தானாக நின்றது, பச்சையில் அப்படித்தான். மாமா திடுக்கிட்டார்.

"என்ன தம்பி, நிண்டு போச்சா? எறங்கித் தள்ளட்டா?"

"இல்ல மாமா, அது தானா நிக்கும், தானா எடுக்கும்."

மாமா நம்பவில்லை. ஒரு கையைக் கதவிலேயே வைத்துக்கொண்டார். ஏசியும் பச்சையில் அரைவாசிதான் வேலை செய்யும். கறுப்பு அபாயாவுக்குள் மாமிக்கு வியர்த்துக் கொட்டியது. கைக்குட்டையால் விசிறிக்கொண்டே, "காத்து வருதில்லையே மகள்" என்று என் காதில் சொன்னார். நானாவைக் கஞ்சன் என்று நினைத்துவிடுவாரோ என்று என் சால்வைத் தலைப்பால் நானும் அவருக்கு விசிறினேன். கடவை திறந்ததும் உப்பு லொறி எங்களை முந்தியது. ஆட்டோ முந்தியது. முன்னால் ஊர்ந்த ஒரு டிராக்டரைக்கூட எங்களால் முந்த முடியவில்லை. மாமா பெருமூச்சு விட்டார்.

"வாகனத்துல ஏதும் பிழையா தம்பி?"

நானாவுக்கு அது பொறுக்கவில்லை. கை தானாகப் போய் மூன்றாவது பட்டனை அமத்தியது. கார் பாய்ந்தது, டிராக்டர் பின்னால் போனது, மீட்டர் சிவந்தது.

"யா அல்லாஹ், செவப்பு எரியிது! நிப்பாட்டுங்க!" என்று மாமி கத்தினார்.

மாமா ஒரு காலத்தில் பழைய வேன் வைத்திருந்தவர். சிவப்பு எரிந்தால் எஞ்சின் கொதிக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரிந்த கணக்கு. ஒரு தென்னந்தோட்ட வேலியோரம் கார் நின்றதும் தண்ணீர்ப் போத்தலோடு இறங்கி, "பொனட்டத் தொறங்க, கெதியா!" என்றார்.

எல்லோரும் இறங்கி வெயிலில் நின்றோம். கோளாறுதான் என்று சொன்னால் கார் மட்டும்தான் கெட்டுப்போகும். உண்மையைச் சொன்னால் கலியாணமே கெட்டுப்போகும். கோளாறு என்றே சொல்லுங்கள் நானா என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"ஒரு பிழையும் இல்ல மாமி," என்றார் நானா. "நான் எப்பவும் இந்தச் செவப்புலதான் ஓட்டுறன். நீங்க வாறீங்க எண்டு பச்சையில போட்டன். அதுதான் இவ்வளவு கரைச்சலும்."

மாமி மூன்று பட்டன்களையும் காட்டச் சொன்னார். கதவுக்குள் தலையை நீட்டி ஒவ்வொன்றையும் அமத்திப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அப்ப எங்கட புள்ளைய ஏத்திட்டுப் போறப்ப எதுல ஓட்டுவீங்க தம்பி?"

பச்சை என்றால் இன்னொரு பொய். சிவப்பு என்றால் அத்தோடு முடிந்தது. நானா நெற்றியைத் துடைத்தார்.

"பட்டன் அவட கைக்கும் எட்டும் மாமி. அவ அமத்துறதுல ஓட்டுறன்."

மாமி, போத்தலும் கையுமாக நின்ற தன் காக்காவை ஒரு பார்வை பார்த்தார். அவர் மெல்லத் தலையை ஆட்டினார்.

"சரி, ஏறுங்க மாப்பிள," என்றார் மாமி. "உங்கட உம்மா பாத்துக்கிட்டு இரிப்பாங்க."

நானா சாவியைத் தேடிப் பொக்கற்றையெல்லாம் தடவினார். சாவி காரிலேயே இருந்தது. நான் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ள எனக்கும் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது.