இரண்டு தேசத்து மொய்

என் தங்கைக்குக் காது குத்தியபோது தாய்மாமன் இருந்தார். எங்கள் தீவின் அபர்டீன் பஜாரிலிருந்து வந்த ஆசாரி இருந்தார். ஹேடோவில் கூலிக்காரர்களுக்கான லைன் வீடுகளில் எங்களுக்கு இந்தப் பக்கம் இருந்த வங்காளிக் குடும்பமும், அந்தப் பக்கம் இருந்த தெலுங்கு மேஸ்திரியின் குடும்பமும் வந்திருந்தன. ஒரு போலந்துக்காரரும் ஒரு ரஷ்யாக்காரரும் இருந்தார்கள். அப்பாவுடன் பிறந்தவர்களில் ஒருவரும் வரவில்லை. மெயின்லேண்டிலிருந்து கப்பல் டிக்கெட் எடுத்து வரும் அளவுக்கு அந்தக் காது பெரிதில்லை என்று நினைத்திருக்கலாம். குலதெய்வமும் வரவில்லை. அது பரமக்குடிக்குத் தெற்கே ஒரு கண்மாய்க் கரையில் இருந்தது. ஆகவே மழித்த முடியைக் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிப் பாலத்திலிருந்து கடலில் போட்டுவிட்டு, மேற்கே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டோம்.

இரண்டு வெள்ளைக்காரர்கள் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு எப்படி வந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

துறைமுகத்தில் புதிதாக ஒரு கிரேன் வந்து இறங்கியிருந்தது. அதன் உடம்பு போலந்தில் செய்தது, மோட்டார் ரஷ்யாவில் செய்தது. யார் எதற்காக அப்படிச் சேர்த்து வாங்கினார்கள் என்பது அங்கே சரக்கு ஏற்றி இறக்கும் கலாசிகளுக்குத் தெரியாது. உடம்பை நிறுத்திக் கொடுக்க ஒருவரும் மோட்டாரை ஓட்டிக் காட்ட ஒருவரும் கூடவே வந்தார்கள். அப்பா அங்கே தினக்கூலிக் கலாசி. மழைக்கு வேலை நின்றால் அவருக்குக் கூலியும் நின்றுவிடும். அந்தக் கிரேனை ஓட்டப் பழக்குவதற்காகக் கலாசிகளிலிருந்து ஒருவரை எடுத்தபோது அப்பாவை எடுத்தார்கள். வேலை முடியும் நாளில் வெளிநாட்டுக்காரர் இருவரும், இந்த ஆள் ஓட்டலாம் என்று ஆபீஸில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அப்பா பெர்மனென்ட். மாதச் சம்பளம், தனிக் குழாய் வைத்த குவார்ட்டர்ஸ். அந்தக் குவார்ட்டர்ஸில் அம்மியை எங்கே போடுவது என்பதை அம்மா அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

முதலில் எல்லோரும் இருவரையும் ரஷ்யா சாப் என்றே கூப்பிட்டார்கள். பெரிய ரஷ்யா சாப், சின்ன ரஷ்யா சாப். ஒரு நாள் சின்னவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். தான் ரஷ்யாக்காரன் இல்லை, போலந்துக்காரன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு அன்று முழுக்க அந்த ஸ்பேனரை எடுக்கவில்லை. ராமநாதபுரத்துக்காரனைத் திருநெல்வேலிக்காரன் என்றால் வேலையை நிறுத்திவிடுவானா என்று அப்பா வீட்டுக்கு வந்து கேட்டார். தன்னை யாராவது தஞ்சாவூர்க்காரி என்று சொல்லிப் பார்க்கட்டும், அடுப்பையே அணைத்துவிடுவேன் என்றாள் அம்மா.

பெரியவருக்கு இந்தி வரும். மெயின்லேண்டில் ஏதோ ஓர் இரும்பாலையில் பல வருஷம் இருந்தவர். இங்கிலீஷ் வராது. சின்னவருக்கு இங்கிலீஷ் வரும், இந்தி வராது. ஆனால் அவருக்கு ரஷ்ய மொழி நன்றாகவே தெரியும், அவர் நாட்டுப் பள்ளிக்கூடங்களில் எல்லோரும் அதைப் படித்தாக வேண்டும் என்று பெரியவர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். தெரிந்தும் பேசமாட்டார். பெரியவர் அந்த மொழியில் ஏதாவது கேட்டால் சின்னவர் கடலைப் பார்ப்பார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆறாம் வகுப்பு. தெருவில் படித்த இந்தியும் புத்தகத்தில் படித்த இங்கிலீஷும் என்னிடம் இருந்தன. ஆகவே பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஜெட்டிக்குப் போய், இரண்டு தேசங்களுக்கும் நடுவில் நிற்க வேண்டியதாயிற்று. பெரியவர் எப்போதும், "உஸ்கோ போலோ, ஜமீன்தார் சாப் கோ," என்றுதான் ஆரம்பிப்பார். அவனிடம் சொல்லு, அந்த ஜமீன்தார் துரையிடம் சொல்லு என்று அர்த்தம். அதை எப்படி இங்கிலீஷில் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அப்பா பக்கத்திலிருந்து, "அதை விட்ரு. போல்ட்டை மட்டும் சொல்லு," என்பார். சின்னவர் தன் பங்குக்கு, இதை இறுக்கியது மனிதனா கரடியா என்று கேட்டுவரச் சொல்வார். என்ன சொல்கிறார் என்று அப்பா கேட்பார். சொல்வேன். "அதையும் விட்ரு," என்பார். இப்படி விட்டுவிட்டுச் சொன்னதில் கிரேன் மெல்ல மெல்ல எழுந்தது.

தனியாக இருக்கும்போது இருவரும் என்னிடம் நிறையப் பேசினார்கள். போலந்துக்காரர்கள் சட்டைப்பையில் ஒன்றுமில்லாவிட்டாலும் ஜமீன் வீட்டுப் பிள்ளைகள் போல நடப்பார்கள், பெண்பிள்ளைகளைக் கண்டால் கையைப் பிடித்து முத்தம் கொடுப்பார்கள், அவர்களுக்காக உயிரைக் கொடுத்தாலும் நன்றி சொல்லமாட்டார்கள் என்றார் பெரியவர். ரஷ்யாக்காரர்கள் திருக வேண்டியதைச் சுத்தியலால் அடிப்பார்கள், அவர்கள் வந்துபோனால் ஸ்பேனர்களை எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் சின்னவர். மற்றவர் அதிகம் குடிப்பவர் என்று இருவருமே சொன்னார்கள். இருவரும் எனக்கு மிட்டாய் கொடுத்தவர்கள். நான் இருவரையும் நம்பினேன்.

காது குத்துக்காக மாமா மதுரையிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தார். அவர் அங்கே சேட்டு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர், இந்தி சரளமாகப் பேசக்கூடியவர். ஊரில் இந்தி வேண்டாம் என்று ஊர்வலம் போனபிறகு அதைப் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரிலோ மீன் வாங்கவும் சண்டை போடவும் இந்திதான். மாமா பஜாரில் விரலைக் காட்டியே சாமான் வாங்கினார். சின்னவரைப் பற்றி நான் சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அவன்தான்டா மாப்ள மனுசன். தெரிஞ்சும் பேசமாட்டேங்கிறான் பாரு."

"ஒங்க ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு ஒரு கிரேன் ஏறாது மச்சான்," என்றார் அப்பா.

விசேஷத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற பேச்சு வந்தபோது, அப்பா பெரியவரை மட்டும் சொல்ல நினைத்தார். அவர்தான் அடிக்கடி வீட்டுக்கு வந்து டீ குடிப்பவர், தங்கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்பவர். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "ஒருத்தர விட்டுட்டு ஒருத்தரக் கூப்பிட்டா, நாளைக்கு ஆபீசுல கேக்கும்போது விட்டவரு வாயில நல்ல வார்த்தை வருமா?" என்றாள். இரண்டு பேருக்கும் வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லிவிட்டு வந்தோம்.

சின்னவர் வெள்ளைச் சட்டை போட்டு, தலையை நனைத்துச் சீவிக்கொண்டு வந்தார். வாசலில் நின்ற அம்மா கும்பிடுவதற்காகக் கையைத் தூக்கினாள். அவர் அதில் ஒரு கையைப் பிடித்து, குனிந்து, முத்தம் கொடுத்தார். அம்மா அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தள்ளி நீட்டி வைத்திருந்தாள், பிறகு உள்ளே போய்விட்டாள். மேஸ்திரியின் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பெரியவர் அப்பாவின் முதுகில் தட்டி, நான் சொல்லவில்லையா, ஜமீன்தார், என்று இந்தியில் உரக்கச் சிரித்தார். சின்னவருக்கு இந்தி தெரியாது. ஆனால் அவர் காது சிவந்துவிட்டது.

பந்தி போட்டதும் மாமா, வெள்ளைக்காரர் இரண்டு பேரும் ஒன்றாக உட்காரட்டும், அதுதான் அவர்களுக்குக் கூச்சமில்லாமல் இருக்கும் என்று சொல்லி இருவரையும் அடுத்தடுத்த இலையில் உட்கார வைத்தார். முழங்கை முழங்கையோடு இடித்தது. சின்னவர் பக்கத்து ஆளை ஒருமுறை பார்த்தார். லேசாகச் சிரித்தார். பிறகு எல்லோரும் பார்க்கும்படி மெதுவாகத் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, விசாரிக்க வந்த அப்பாவிடம் ஒன்றும் பேசாமல் நீட்டினார்.

எங்கள் பக்கத்தில் விசேஷ வீட்டில் ஒருவர் ஒரு பொருளை நீட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அப்பா இரண்டு கையாலும் வாங்கினார். மாமா அதை அவரிடமிருந்து வாங்கித் தாம்பாளத்தில் வைத்து, மதுரைத் தெருவுக்கே கேட்கும் குரலில், "போலந்து தேசத்து மொய், கைக்கடிகாரம் ஒண்ணு," என்று விளித்தார். வங்காளிகள் கை தட்டினார்கள்.

சின்னவருக்கு என்ன நடந்தது என்று உடனே விளங்கவில்லை. விளங்கியபோது வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது பெரியவரைத்தான். பிசைந்த சோறு கையில் அப்படியே நின்றது. அவர் எழுந்து கையைக் கழுவினார். தன் கடிகாரத்தைக் கழற்றி, தாம்பாளத்தில் இருந்த கடிகாரத்தின் மேல் வைத்தார். "ஹம் தேத்தே ஹைன், லேத்தே நஹி," என்றார். நாங்கள் கொடுப்பவர்கள், எடுப்பவர்கள் இல்லை. மாமாவுக்கு அது நன்றாகப் புரிந்திருக்கும். புரியாதவர் போல, ரஷ்ய தேசத்து மொய்யையும் விளித்தார்.

அப்போதுதான் சின்னவர் ரஷ்ய மொழியில் பேசினார். மெல்லிய குரலில் நாலைந்து வார்த்தை. பெரியவர் பதில் சொன்னார். சின்னவர் மறுபடியும் சொன்னார். தடங்கலே இல்லாமல், ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் போல, இருவரும் மாறிமாறிப் பேசினார்கள். குரல் ஏறியது. "பாத்தீங்களா மச்சான், பக்கத்துல பக்கத்துல எலையப் போட்டா பேசாதவனும் பேசுவான்," என்றார் மாமா. எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா பாயசத்தோடு வெளியே வந்தபோது இரண்டு இலைகளும் காலியாக இருந்தன. ஒருவர் ஜெட்டிப் பக்கமும் ஒருவர் மேட்டுப் பக்கமுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் ஒருவர் இருந்த இடத்துக்கு மற்றவர் வரவில்லை. கிரேன் பாதி பேச்சில் நின்ற ஆள் போல நின்றது. கடிகாரங்களைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு கெஸ்ட் ஹவுஸுக்குப் போனார். முதலில் சின்னவரின் அறை. அவர் என் அளவு பையனாக இருந்தபோது, யுத்தம் முடியும் சமயம், அவர் ஊருக்குள் வந்த ஒரு ரஷ்யச் சிப்பாய் அவருடைய அப்பாவின் கையிலிருந்து கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டானாம். அந்தச் சிப்பாயின் கையில் முழங்கை வரைக்கும் கடிகாரங்கள் இருந்தனவாம். அதிலிருந்து, ரஷ்யாக்காரன் பக்கத்தில் உட்கார்ந்தால் கடிகாரத்தைக் கழற்றிப் பத்திரப்படுத்துவது அவர்கள் ஊரில் ஒரு கேலி. அவ்வளவுதான் செய்தேன் என்றார். ஆனால் குழந்தைக்கு என்று விளித்துவிட்டதைத் திரும்ப வாங்கமாட்டேன் என்றார்.

நடையின் மறுகோடியில் பெரியவரின் அறை. அவருடைய அண்ணன் அதே யுத்தத்தில், அதே போலந்தில், அந்த ஊர்களை விடுவிக்கப் போய்ச் செத்தார். எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. அந்த மண்ணிலிருந்து வந்தவன் பந்தியில் என்னைத் திருடன் என்கிறான் என்று சொல்லும்போது பெரியவரின் இந்தி குழறியது. ஜமீன்தார் திரும்ப வாங்காதவரை தானும் வாங்கமாட்டேன் என்றார்.

திரும்பி வரும் வழியில், இதில் எது நிஜம் என்று அப்பாவிடம் கேட்டேன். ஒரே யுத்தம், ஒரே ஊர். ஒருவர் கதையில் அவர்கள் காப்பாற்ற வந்தார்கள், இன்னொருவர் கதையில் கடிகாரத்தைக் கழற்ற வந்தார்கள்.

"எனக்குக் கிரேன் ஓடணும்டா," என்றார் அப்பா.

கிரேன் ஓடியது. ஆபீஸ் சத்தம் போட்டபிறகு ஒருவர் காலையிலும் ஒருவர் மாலையிலுமாக வந்து வேலையை முடித்தார்கள். சோதனை நாளில் அப்பா படாக் மரத் தடி ஒன்றைத் தூக்கி, அலுங்காமல் லாரியில் இறக்கினார். பிறகு இருவரையும் ஆபீஸில் தனித்தனியாகக் கேட்டார்கள். இந்த ஆளை நானே பழக்கினேன், இவனைவிடக் கை சுத்தமான ஆள் கிடைக்கமாட்டான் என்றார் சின்னவர். அவன் பழக்கிய ஆளை நம்பி என் மோட்டாரைக் கொடுக்க முடியாது என்றார் பெரியவர். இதை மேஸ்திரிதான் வந்து சொன்னார். அம்மா நம்பவில்லை. சின்னவர் சொல்லியிருப்பார், ஆள் மாறிக் கேட்டிருப்பீர்கள் என்றாள்.

அன்று சாயங்காலம் பெரியவர் வழக்கம்போல வீட்டுக்கு வந்தார். தங்கையை மடியில் வைத்து, காதுப் புண் ஆறிவிட்டதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பா டீ கொடுத்தார். அம்மா உள்ளேயிருந்து வரவில்லை. யாரும் கேட்கவில்லை என்பதால் நான் கேட்டேன். என் அப்பாவுக்குக் கிரேன் ஓட்டத் தெரியாதா என்று. அவர் என் தலையில் கை வைத்தார். அவர் கண்ணில் பிரியம்தான் இருந்தது.

"வோ தேரே பாப் கி பாத் நஹி தீ," என்றார். அது உன் அப்பாவைப் பற்றிய பேச்சே இல்லை.

என் அப்பாவுக்கு வேலை உண்டா இல்லையா என்ற பேச்சு எப்படி என் அப்பாவைப் பற்றிய பேச்சாக இல்லாமல் போகும் என்று எனக்குப் புரியவில்லை. அந்த வாக்கியத்தை இந்தியிலும் தமிழிலும் இங்கிலீஷிலும் சொல்லிப் பார்த்தேன். மூன்றிலும் அது ஒரே மாதிரிதான் இருந்தது.

அடுத்தடுத்த கப்பல்களில் இருவரும் போனார்கள். அப்பா கல்கத்தாவில் மூன்று மாதம் பழகி லைசென்ஸ் வாங்கி வந்தால் பார்க்கலாம் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். கடிகாரங்களை விற்க அம்மா விடவில்லை. மொய்யை விற்றால் பிள்ளைக்கு ஆகாது என்றாள். அப்பா வட்டிக்கு வாங்கிக்கொண்டு போனார், லைசென்ஸோடு திரும்பி வந்தார், அதே கிரேனில் ஏறினார். போகவர டிக்கெட், தங்கிய செலவு, லைசென்ஸ் கட்டணம், மூன்று மாதம் வராமல் போன கூலி, வட்டி எல்லாவற்றையும் கூட்டச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார்கள். நான் அப்போது ஏழாம் வகுப்பு, விகிதக் கணக்கு படித்திருந்தேன். இதில் போலந்தின் பங்கு எவ்வளவு, ரஷ்யாவின் பங்கு எவ்வளவு, மாமாவின் தொண்டைக்கு எவ்வளவு என்று பிரித்துப் பிரித்துப் போட்டேன். எப்படிப் போட்டாலும் யார் பெயரிலும் நிற்காமல் முழுசாக எங்கள் பக்கமே வந்து விழுந்தது, நானூற்று எண்பத்தேழு ரூபாய்.